கஜுவோ கல்லோ

எனக்குப் பனி பிடிக்கும். நோர்வேயில் வாழும் தமிழர் நடுவே இதை வாய்விட்டுச் சொல்வது கொஞ்சம் துணிச்சலான காரியம். கோயில் வாசலிலோ கலியாண மண்டபத்திலோ இரண்டு தமிழர் சந்தித்தால், குளிர்காலம் முழுக்கப் பனியைத் திட்டுவதுதான் எங்களுடைய சுகம் விசாரிப்பு. அந்த இடத்தில் ஒருத்தி "எனக்கு விருப்பம்" என்றால் அவளுக்கு உடம்புக்கு ஏதோ செய்கிறது என்று முடிவு கட்டிவிடுவார்கள். (விற்றமின் குறைந்தால் இப்படியெல்லாம் வருமாம் என்று ஒருவர் எனக்கு அக்கறையோடு சொல்லியும் இருக்கிறார்.)

நான் ஒஸ்லோவில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க மற்றவர்களின் பார்வையைச் சோதித்து, "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்பதுதான் தொழில். ஆனால் என் சொந்தக் கண்ணுக்கு முன்னால் எப்போதும் ஒரு மெல்லிய திரை தொங்கிக்கொண்டிருக்கும். பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தால் இறங்க வேண்டிய தரிப்பு கடந்து போய்விடும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வெளியே பார்த்தேன் என்றால் பால் என்னை விட்டுப் போய்விடும். இப்படியான ஒருத்தியின் கையில் ஒரு ட்ரக்டரையும், அதற்குப் பின்னால் பூட்டுகிற இயந்திரத்தைத் தெரிவு செய்கிற பொறுப்பையும் யாராவது கொடுப்பார்களா? என் கணவர் அமலன் கொடுத்தார். பாவம், அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

லில்லெஸ்ட்ரோமுக்கும் அப்பால், காடு தொடங்குகிற இடத்தில் அந்த வீட்டைப் பார்க்கப் போனது ஒரு கோடைப் பின்னேரம். பெரிய றோட்டிலிருந்து பிரிந்து சரளைக்கல் பரப்பிய ஒரு கிறவல் ஒழுங்கை உள்ளே போனது. முதலில் இரண்டு பக்கமும் ஊசியிலை மரங்கள். பிறகு ஒரு வளைவு. வளைவு தாண்டினால் ஒரு பக்கம், பக்கத்துக் காணியில் விவசாயம் செய்கிற கமக்காரரின் புல்வெளி, காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து எழும்பிக்கொண்டிருந்தது. அதற்கும் அப்பால்தான் வீடு. வீடு கண்ணில் படுவதற்கு முதலே நான் அதை வாங்கிவிட்டேன். யன்னல் எத்தனை, குளியலறை எப்படி என்று அமலன் உள்ளே பார்த்துக்கொண்டிருக்க, நான் ஒழுங்கையில் நின்று அதன் மேல் பனி விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஜூலை மாதம்.

அமலன் ஒஸ்லோவில் சுரங்க ரயில் ஓட்டுகிறவர். தண்டவாளம் போகிற பக்கம் போவதில் ஒரு நிம்மதி கண்ட மனிதர். திரும்பி வரும்போது காருக்குள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஜெசி, பனி கொட்டினா உவ்வளவு நீளத்தையும் ஆர் தள்ளுறது?"

"வீட்டோடை ஒரு பழைய ட்ரக்டரும் விட்டுட்டுப் போகினமாம் அப்பா. நான் தள்ளுவன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு றோட்டைப் பார்த்தார். நாங்கள் அப்போது குடியிருந்த லோறென்ஸ்கூக் வரும்வரைக்கும் றோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

லோறென்ஸ்கூக்கில்தான் சிக்கல் இருந்தது. அமலனின் மூத்த அக்கா றீற்றா, எனக்கு மச்சாள், அங்கேதான் இருக்கிறா. இளம் வயதில் தனியாக நோர்வேயின் வடக்கே பாட்ஸ்பியோர்ட்டுக்கு வந்து, மீன் தொழிற்சாலையில் நின்று மீன் வெட்டி, தம்பியைக் கூப்பிட்டு, படிப்பித்து, கலியாணமும் கட்டிவைத்தவ. கட்டிவைத்த பிறகும் தூரம் போக விடவில்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் இடையில் கறிச்சட்டி ஆறாமல் கொண்டுபோகிற தூரம்தான். அவவுடைய கணவர் காலமான பிறகு அந்தத் தூரமும் அவவுக்குக் கூடிப்போனது. வீடு மாறப் போகிறோம் என்று சொன்ன அன்று மச்சாள் கையில் இருந்த அகப்பையை மெதுவாகக் கீழே வைத்தா.

"காட்டுக்குப் போறவை போங்கோ. நான் மறிக்கேல்லை" என்றா. அவ்வளவுதான். அதற்குப் பிறகு தொலைபேசி எடுக்கவில்லை. அமலன் போய்க் கதவைத் தட்டினால் திறந்து, தேத்தண்ணி கொடுத்து, தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தா. இலையுதிர்காலம் முழுக்க அப்படியே போனது. சாப்பாட்டு மேசையில் அமலன் மீன் குழம்பை ஒரு வாய் வைத்துவிட்டு, தட்டைக் கொஞ்சம் தள்ளி வைப்பார். என் குழம்பில் பிழை இல்லை. அது அக்காவின் குழம்பு இல்லை, அவ்வளவுதான்.

கடைசியில் எங்கள் தேவாலயத்து ஃபாதர்தான் வழி செய்தார். அவர் தமிழ்நாட்டுக்காரர். அந்த வருடம்தான் ஒஸ்லோவுக்குப் புதிதாக வந்திருந்தார். பனியைப் படத்தில் மட்டும் கண்டவர். எங்கள் வீட்டை ஆசீர்வதிக்க வருகிறேன் என்றார். தனக்குக் கார் ஓட்டத் தெரியாது, றீற்றாம்மா கூட்டி வந்தால் நல்லது என்று மச்சாளிடம் போய்ச் சொல்லியும் விட்டார். ஒரு குருவானவரை எப்படி மறுப்பது? மச்சாள் சம்மதித்தா. சம்மதித்ததோடு நிற்காமல், வெறுங்கையோடு போகிற வழக்கம் தனக்கு இல்லை, நெய்ச்சோறு கொண்டுவருவேன் என்றும் சொல்லியனுப்பினா. அமலன் அன்றிரவு வீட்டுக்குள் சீழ்க்கை அடித்துக்கொண்டு திரிந்தார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர் சீழ்க்கை அடித்து நான் கேட்டதில்லை.

ஆக, அந்த ஒழுங்கை திறந்திருக்க வேண்டும். அதற்கு இயந்திரம் வேண்டும்.

பனி அகற்றுகிற இயந்திரங்களைப் பற்றி அமலன் பரீட்சைக்குப் படிப்பது போலப் படித்தார். பக்கத்துக் கமக்காரர் ஒட்வாரிடமும் போய்க் கேட்டார். ஒட்வார் நல்ல மனிதர். எந்தக் கேள்விக்கும் முதலில் "ட்யா" என்பார். அது ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. பிறகு வானத்தைப் பார்ப்பார். தள்ளுகிற தகடா, வீசுகிற இயந்திரமா நல்லது என்று கேட்டதற்கு, "ட்யா, எல்லாம் தன்பாட்டில் சரிவரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒரு சனிக்கிழமை கடைக்குப் போனோம். பெரிய மண்டபம் முழுக்க இரும்பு. விற்பனையாளர் இளம் ஆள், மிகவும் பொறுமைசாலி. ட்ரக்டருக்கு முன்னால் பூட்டுகிற வாளியால் அள்ளலாம், ஆனால் அள்ளி அள்ளி வருடம் முடிந்துவிடும் என்றார். தகடு பூட்டினால் பனியை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போகலாம், வேகமான வேலை, ஆனால் ஓரத்தில் பனி மதிலாக உயர்ந்து, பங்குனி மாதத்தில் ஒழுங்கை ஒடுங்கிப்போகும் என்றார். தகட்டின் அடியில் ரப்பர் பட்டி போட்டால் கிறவலை அவ்வளவாகக் கிளறாதாம். அமலன் தலையாட்டி ஒவ்வொரு தகட்டையும் தொட்டுப் பார்த்தார். அவருக்குத் தகடு பிடித்துவிட்டது. அது அவரைப் போலவே இருந்தது. நேராக, அமைதியாக, கறுப்பாக.

நான் அதற்குள் வேறு இடத்துக்குப் போய்விட்டேன்.

மண்டபத்தின் மூலையில் ஒரு திரையில் படம் ஓடிக்கொண்டிருந்தது. காட்டுக்கு நடுவே வெள்ளைப் பாதை. அதில் ஒரு ட்ரக்டர் மெல்லப் பின்னோக்கி வருகிறது. அதன் பின்னால் சுருள் கத்திகளோடு ஒரு பெட்டி, பனியைக் குடைந்து விழுங்குகிறது. விழுங்கிய பனியை ஒரு வளைந்த குழாயால் வானத்துக்கு வீசுகிறது. அந்தப் பனி வெயிலில் ஒரு பெரிய வில்லாக எழுந்து, உச்சியில் கொஞ்சம் யோசித்து நின்று, பொடிப்பொடியாக மினுங்கி, தூரத்தில் சத்தமில்லாமல் இறங்குகிறது. சத்தமே இல்லாத படம் அது. நான் அதற்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அந்த ட்ரக்டரில் இருந்தது நான்தான். அந்தக் காடு எங்கள் காடுதான். மச்சாள் எங்கேயோ வாசலில் நின்று அதைப் பார்த்து, "எவ்வளவு வடிவாக் கிடக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தா.

"உது என்ன?" என்று கேட்டேன்.

"ஃப்ரேஸ்" என்றார் விற்பனையாளர். பனியைக் குடைந்து வீசும் இயந்திரம்.

"எங்களுக்கு இதுதான் வேணும்" என்றேன்.

அமலன் என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போனார். "ஜெசி, எங்கடை கிறவல் ஒழுங்கை. உது கல்லையும் சேர்த்து விழுங்காதோ?"

எனக்கு எங்கிருந்து அந்த வாதத் திறமை வந்ததோ தெரியவில்லை. தகடு பூட்டினால் ஓரத்தில் மதில் எழும், ஃப்ரேஸ் பனியைத் தூர வீசிவிடும், மதிலே இராது, மச்சாளின் கார் வசதியாகத் திரும்பலாம் என்றேன். மச்சாளின் பெயரைச் சொன்னதும் அமலன் அடங்கிவிட்டார். (இது கொஞ்சம் கள்ள வேலைதான்.)

விற்பனையாளர் கிறவலில் ஃப்ரேஸ் ஓட்டுவதற்கு உரிய முறையை விளக்கினார். பெட்டியின் இரண்டு பக்கத்திலும் சப்பாத்து மாதிரி இரும்புத் துண்டு இருக்கிறது, அதை இறக்கிப் பூட்டினால் பெட்டி நிலத்திலிருந்து உயரும், கல்லில் படாது. நிலம் உறைந்து இறுகும்வரை ஓட்டக் கூடாது. முதல் பனியை வாரவே கூடாது, அதன் மேல் காரை ஓட்டி அமுக்கிவிட்டால் அது கல்லுக்கு மேலே ஒரு கம்பளம் போலக் கிடக்கும். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அவர் தோளுக்கு மேலால் திரை தெரிந்தது. வில் எழுந்தது, நின்றது, இறங்கியது.

"சரி" என்றார் அமலன் வெளியே வந்து. "நீர் தெரிஞ்செடுத்த சாமான். நீரே ஓட்டும்."

அதற்குப் பிறகு நான் காத்திருந்தேன். ஐப்பசி மழையில் கொட்டிலுக்குள் போய் ட்ரக்டரில் ஏறி உட்காருவேன். எங்கள் ட்ரக்டர் பழையது என்பதால் ஃப்ரேஸைப் பின்னால்தான் பூட்டலாம். ஓட்டுகிற ஆள் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தபடி, பின்னோக்கியே போக வேண்டும். நான் கழுத்தைத் திருப்பிப் பழகினேன். குழாயைத் திருப்புகிற நெம்புகோல் வலது பக்கத்தில் இருந்தது. அதைப் பிடித்து, இல்லாத பனியை இல்லாத வெயிலில் வீசினேன். கொட்டில் கூரையில் மழை சொட்டிக்கொண்டிருக்கும். அந்த மாதத்தில் நான் அங்கே எவ்வளவு பனி அகற்றினேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

ஆசீர்வாத நாள் காலையில் கண் விழித்தபோது அறைக்குள் வெளிச்சம் வேறு மாதிரி இருந்தது. திரையை விலக்கினேன். முதல் பனி. மரங்கள் எல்லாம் வெள்ளைச் சால்வை போர்த்திக்கொண்டு, என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோல நின்றன. புல்வெளியும் ஒழுங்கையும் ஒரே வெள்ளையாகி, எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. உலகத்தை யாரோ மெல்லப் பஞ்சால் பொதிந்து வைத்திருந்தார்கள்.

அமலன் வேட்டி கட்டி, கையில் மெழுகுவர்த்திகளோடு வந்தார். வெளியே எட்டிப் பார்த்தார். "கணுக்காலளவு கூட இல்லை. அக்கான்ரை கார் சுகமா வரும். விடும்" என்றார்.

"முதல்முதல் வாறவ. வழியிலை கார் இறுகி நிண்டா?" என்றேன். என் கை அதற்குள் சப்பாத்தின் நாடாவை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தது.

"சப்பாத்தை இறக்கிப் பூட்டினனீரோ?"

"பூட்டிக்கொண்டுதானே இருக்கிறன்" என்றேன். அவர் கேட்டது ஃப்ரேஸின் சப்பாத்தை. நான் சொன்னது என்னுடையதை.

காதுக் கவசத்தை மாட்டியதும் உலகம் நின்றுபோனது. இயந்திரத்தின் உறுமல்கூட எங்கோ தூரத்துக் கடல் மாதிரித்தான் கேட்டது. ஃப்ரேஸை இறக்கினேன். குழாயைப் புல்வெளிப் பக்கம் திருப்பினேன். ட்ரக்டர் மெல்லப் பின்னோக்கி நகர, வில் எழுந்தது.

எழுந்தது, அதுதான் முக்கியம். மரங்களுக்கு மேலால் தாழ்ந்து வந்த குளிர்கால வெயிலில் அது எழுந்து மினுங்கியது. நான் படத்துக்குள் போய்விட்டேன். இருக்கையின் கீழே டக் டக் என்று ஏதோ அதிர்ந்தது. பனிக்கட்டி என்று நினைத்தேன். வில் கொஞ்சம் சாம்பல் நிறமாகத் தெரிந்தது. வெயிலின் சாயல் என்று நினைத்தேன். முன்பக்கம் திரும்பி நான் கடந்த பாதையை ஒருதரமாவது பார்த்திருந்தால், அங்கே கிறவலே இல்லாமல் கறுத்த சேறு நீளமாகப் பிளந்து கிடப்பதைக் கண்டிருப்பேன். நான் பார்க்கவில்லை. கனவில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இதே நேரம் வளைவுக்கு அந்தப் பக்கம் நடந்ததை நான் பிறகுதான் அறிந்தேன். மச்சாள் காரை மெதுவாகத்தான் ஓட்டி வந்திருக்கிறா. ஒழுங்கைக்குள் திரும்பும்போது கார் கொஞ்சம் வழுக்க, பின்னால் நெய்ச்சோற்றுப் பானை சரிந்த சத்தம் கேட்டிருக்கிறது. வளைவு தாண்டியதும் காரை நிறுத்தி, இறங்கிப் பின்கதவைத் திறந்து, சோறு கொட்டியதோ என்று பானையின் மூடியைத் தூக்கிப் பார்த்திருக்கிறா. ஃபாதரும் இறங்கி, கைத்தொலைபேசியில் மரங்களைப் படம் எடுத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

அப்போதுதான் நான் அவர்களைக் கண்டேன். கொஞ்சத் தூரத்தில், வெள்ளைக்கு நடுவே, செம்மஞ்சள் குளிரங்கியில் றீற்றா மச்சாள். அவ என்னைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி வீசிக்கொண்டிருந்தா. வாயும் அசைந்தது. மாதக் கணக்காக என் முகத்தைப் பார்க்காத மனுசி, இப்படி ஆசையோடு கை காட்டுகிறா. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாம் சரிவந்துவிட்டது, பனி எல்லாவற்றையும் சரியாக்கிவிட்டது என்று நெஞ்சு நிறைந்து, இருக்கையில் நன்றாகத் திரும்பி, நானும் கை காட்டினேன். இடக்கையை உயரத் தூக்கிக் காட்டும்போது வலது முழங்கை நெம்புகோலில் அமர்ந்தது.

குழாய் மெதுவாக, மிகவும் மரியாதையாக, அவர்கள் பக்கம் திரும்பியது.

வில் எழுந்தது. உச்சியில் கொஞ்சம் நின்றது. பிறகு ஃபாதர் மீதும் கார் மீதும் மச்சாள் மீதும் திறந்த பானை மீதும் இறங்கியது. செம்மஞ்சள் நிறம் மறைந்துபோன பிறகுதான் என் கால் கிளச்சைத் தேடிப் பிடித்தது.

இயந்திரத்தை நிறுத்திக் காதுக் கவசத்தைக் கழற்றினேன். அப்படி ஓர் அமைதி. மரத்திலிருந்து கொஞ்சம் பனி உதிர்ந்த சத்தம். காரின் கூரையிலிருந்து கற்கள் ஒன்றொன்றாக உருண்டு விழுந்த சத்தம். பின்னால் அமலன், வேட்டியை மடித்துக் கட்டி, பனிச் சப்பாத்தோடு சேற்றில் வழுக்கி வழுக்கி ஓடி வந்துகொண்டிருந்தார்.

நல்ல காலம், தூரத்தில் போய் விழுந்ததால் வேகம் குறைந்திருந்தது. ஒருவருக்கும் காயம் இல்லை. ஃபாதர் தலை முதல் கால் வரை வெள்ளையாக நின்றார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, என்னைப் பார்த்துக் கை கூப்பினார்.

"இதுதான் இந்த ஊர் வரவேற்பாம்மா? ரொம்ப அழகா இருக்கு. கொஞ்சம் கனமா விழுது, அவ்வளவுதான்."

மச்சாள் பானைக்குள் பார்த்துக்கொண்டு நின்றா. மஞ்சள் நெய்ச்சோறு, அதன் மேல் பனி, பனிக்குள் கிறவல். அவ குளிரங்கியின் தலைமூடியைப் பின்னால் தள்ளி, ஒரு கல்லை எடுத்து, வெயிலில் பிடித்துப் பார்த்தா.

"ஜெசி" என்றா. மாதங்களுக்குப் பிறகு என் பெயர். "உதுக்குள்ளை நான் நிறையக் கஜு போட்டனான். இனி எது கஜு, எது கல்லெண்டு நீ சொல்லு."

"கஜுன்னா முந்திரிதானே?" என்று ஃபாதர் அமலனிடம் மெதுவாகக் கேட்டார். அமலன் தலையாட்டினார். அவருடைய முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அக்கா வருகிறா என்று சீழ்க்கை அடித்த மனிதர் அவர்.

மச்சாள் பின்கதவைச் சாத்தினா. "ஏறுங்கோ ஃபாதர். போவம்."

ஃபாதர் தயங்கித் தயங்கி ஏறினார். மச்சாள் காரைத் திருப்ப முன்னுக்கு எடுத்தா. முன்னுக்கு இருந்தது நான் இப்போதுதான் வாரி முடித்த இடம். கிறவலும் இல்லை, உறைந்த நிலமும் இல்லை. சில்லுகள் இரண்டு தரம் சுழன்றன. கார் ஒரு பெருமூச்சுவிட்டு, சேற்றுக்குள் வயிறு வரைக்கும் அமர்ந்தது.

அமலன் ஒட்வாருக்கு அழைத்தார். அவருடைய ட்ரக்டர்தான் இழுக்கத் தகுந்தது. "ட்யா" என்றார் ஒட்வார். தான் மனைவியோடு மகள் வீட்டில் இருப்பதாகவும், சாப்பிட்டு, கோப்பி குடித்துவிட்டு வருவதாகவும் சொன்னார். நோர்வேக்காரர் சனிக்கிழமை மகள் வீட்டில் கோப்பி குடித்தால் அது எப்போது முடியும் என்று மாதாவுக்கும் தெரியாது.

ஆகவே, மச்சாள் எங்கள் வீட்டுக்குள் வர வேண்டியதாயிற்று. ஈரச் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, எதையும் பார்க்காதவபோல எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நடந்தா. ஃபாதர் அறை அறையாகத் தீர்த்தம் தெளித்தார். செபம் முடிந்தது. பிறகு எல்லாரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நின்று பானையைப் பார்த்தோம்.

"கொட்டிப்போட்டு வீட்டிலை இருக்கிற பாணை வெட்டிச் சாப்பிடுவம் அக்கா" என்றார் அமலன்.

"சோத்தைக் கொட்டுறதோ? நான் வெள்ளெனவே எழும்பி வைச்சது" என்றா மச்சாள். மேலே பனியில் நனைந்த பகுதியை அகப்பையால் வழித்து எடுத்தா. மிச்சத்தை ஒரு பெரிய தட்டில் மேசை நடுவே பரப்பினா. "இருங்கோ. பொறுக்குவம்."

நாங்கள் இருந்தோம். யன்னலுக்கு வெளியே மறுபடியும் பனி விழத் தொடங்கியிருந்தது. பெரிய பெரிய செதில்கள், அவசரமே இல்லாமல். அந்த வெள்ளை வெளிச்சம் மேசையில் விரிந்திருக்க, நாலு பேரின் விரல்களும் மஞ்சள் சோற்றுக்குள் மெல்ல மெல்ல ஊர்ந்தன. கண்ணாடிக் கடைக்காரி என்பதால் சந்தேகமானதை எல்லாம் என்னிடம் நீட்டினார்கள். நான் அதை யன்னல் பக்கம் பிடித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

"கஜுவோ கல்லோ?"

"கஜு."

"இது?"

"கல்லு, மச்சாள்."

எந்த இடத்தில் மச்சாள் கதைக்கத் தொடங்கினா என்று எனக்கு நினைவில்லை. பாட்ஸ்பியோர்ட்டில் முதல் குளிர்காலத்தில் காலையில் கதவைத் திறக்க முடியாமல், யன்னலால் குதித்து வேலைக்குப் போனதைச் சொன்னா. விழுந்த இடம் இடுப்பளவு பனி. வெளியே வர முடியாமல் நின்று அழுதபோது, கண்ணீர் கன்னத்தில் உறைந்து ஒட்டியதாம். ஃபாதர் பொறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதுக்குப் பிறகு எனக்குப் பனியெண்டால் ஆளை அடைச்சு வைக்கிற சாமான்" என்றா மச்சாள், சோற்றிலிருந்து கண் எடுக்காமல். "நீங்கள் இவ்வளவு தூரம் வந்தாப் பிறகு எனக்குக் கொஞ்சமாக் குழம்பு வைக்கத் தெரியேல்லை அமலன். ஒவ்வொரு கிழமையும் உங்களுக்கும் சேத்துத்தான் வைக்கிறன். பிறகு கொட்டுறன். சோத்தைக் கொட்ட விடாத நான், குழம்பைக் கொட்டுறன்."

அமலன் கையிலிருந்த ஒன்றை என்னிடம் நீட்டினார். நான் பார்த்தேன். கல்லுத்தான். ஆனால் அந்த நேரத்தில் அவரிடம் கல் என்று சொல்ல மனம் வராமல் "கஜு" என்று சொல்லிவிட்டேன். அவர் அதை வாயில் போட்டுக் கடித்தார்.

அந்தச் சத்தம் மேசை முழுக்கக் கேட்டது. மச்சாள் தம்பியைப் பார்த்தா. தம்பி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். முதலில் சிரித்தது மச்சாள்தான். தோள் குலுங்கி, மூச்சு வாங்கி, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தா. அந்தச் சிரிப்பு முடிய வெகுநேரம் ஆனது. ஃபாதருக்கு என்ன விசயமென்று முழுக்க விளங்கவில்லை என்றாலும் அவரும் எங்களோடு சேர்ந்து சிரித்தார்.

பின்னேரம் ஒட்வார் வந்து காரை வெளியே இழுத்தார். தன்னுடைய புல்வெளியைப் பார்த்தார். அங்கே வெள்ளைப் பனியின் மேல் எங்கள் கிறவல் நீளமாகத் தெளிக்கப்பட்டிருந்தது. "ட்யா" என்றார். இந்த முறை அதற்கு என்ன கருத்து என்று எல்லாருக்கும் விளங்கியது. புல் வளருவதற்கு முன் அந்தக் கல்லை எல்லாம் பொறுக்காவிட்டால், புல் வெட்டுகிற அவருடைய இயந்திரத்தின் கத்தி போய்விடும்.

பனி கரைந்ததும் பொறுக்கினோம். றீற்றா மச்சாள் சனிக்கிழமை தோறும் ரப்பர் கையுறையோடும் ஒரு வாளியோடும் வந்தா. குழம்பும் வரும். நாங்கள் குனிந்து பொறுக்க, அவ ஒட்வாரின் மனைவியோடு வேலியில் சாய்ந்து மீன் விலை, முழங்கால் வலி எல்லாம் கதைத்து முடிப்பா. கல் முடிந்த பிறகும் சனிக்கிழமைகள் முடியவில்லை. ஃப்ரேஸ் இன்றும் எங்களிடம் இருக்கிறது. நிலம் இறுகிய பிறகு, சப்பாத்தை இறக்கிப் பூட்டி, அமலன் ஓட்டுகிறார். எனக்கு அதில் ஏற அனுமதி இல்லை. யன்னலில் நின்று பார்க்கலாம்.

கேள்வி மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. யாருக்காவது கலியாணம் பேசி வந்தால், "பெடியன் கஜுவோ கல்லோ?" என்று மச்சாள் கேட்பா. புது வேலை, பாவித்த கார், தொலைபேசியில் பரிசு விழுந்திருக்கிறது என்று வருகிற அழைப்பு, எல்லாவற்றுக்கும் அதே கேள்விதான். எங்கள் குடும்பத்தோடு கொஞ்சம் பழகியவர்கள்கூட இப்போது கேட்கிறார்கள், காரணம் தெரியாமலே.

போன வருடம் மச்சாளுக்கு வயிற்றில் நோ வந்தது. படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஏதோ தெரிகிறது, இன்னும் சோதிக்க வேண்டும் என்றார்கள். முடிவு கேட்கிற நாள் நான்தான் கூட்டிப் போனேன். அவ தனியாகத்தான் உள்ளே போவேன் என்றா. நான் ஆஸ்பத்திரி நடையில் ஒரு நாற்காலியில் இருந்து, எதிரே யன்னலில் பனி விழுவதைப் பார்த்தேன். அன்றைக்கு அதில் எனக்கு எந்தக் கனவும் வரவில்லை.

கதவு திறந்தது. மச்சாள் கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டு வந்தா. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என் பக்கத்தில் வந்து அமர்ந்தா.

"கல்லு" என்றா. "பித்தப்பையிலை. வேறை ஒண்டும் இல்லையாம், எடுத்து விடலாமாம்."

நான் அவவுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதேனா சிரித்தேனா தெரியாது. நடையில் போன தாதி நின்று பார்த்தா.

மச்சாள் என் கையைத் தட்டிக் கொடுத்தா. "உன்ரை கிறவலாத்தான் இருக்குமெண்டு நான் டொக்டருக்குச் சொல்லிப்போட்டன்."